வெற்றி அறத்தின் அளவுகோலாகுமா?

வென்றவன் செய்ததெல்லாம் அறிவுடைமை. தோற்றவன் செய்ததெல்லாம் பேதைமை. உலகம் பெரும்பாலும் இவ்வாறே தீர்ப்புக் கூறுகிறது. ஒரு செயலின் தகுதியை அதன் முடிவைக் கொண்டு அளத்தல் முறையாகுமா? குரோஷிய நாட்டுக் காற்பந்துப் பயிற்றுநர் ஸ்லாட்கோ டாலிச்சின் வாழ்வை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

2017 அக்டோபரில் அவர் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றார். உக்ரேனுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதியாட்டத்திற்கு அப்போது இரண்டே நாள்கள் எஞ்சியிருந்தன. பல ஆண்டுகள் சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் பணிபுரிந்த அவர் பெயர் ஐரோப்பாவில் பெரிதும் அறியப்பட்டதன்று. குரோஷியா உக்ரேனையும், பின்னர் கிரேக்கத்தையும் வென்று, 2018இல் ரஷ்யாவில் நடந்த போட்டிக்குத் தகுதி பெற்றது.

அங்கு நைஜீரியாவுடன் நடந்த முதல் ஆட்டத்தின்போது, முன்னணி ஆட்டக்காரர் நிக்கோலா காலினிச்சை மாற்று வீரராகக் களமிறக்க டாலிச் எண்ணினார். முதுகுவலியால் தாம் ஆயத்தமாக இல்லை என்று காலினிச் கூறியதாகவும், முன்னரும் இவ்வாறு நேர்ந்ததாகவும் பின்னர் விளக்கிய டாலிச், ஆடத்தக்க உடல்நிலையில் உள்ளோரே தமக்கு வேண்டும் என்று கூறி அவரைத் தாயகம் அனுப்பினார். அவருக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்க்க விதி இடந்தரவில்லை. எஞ்சியவர் 22 பேரே.

அடுத்து வந்த டென்மார்க், ரஷ்ய ஆட்டங்கள் இரண்டையும் பெனால்டி உதைகளே முடிவு செய்தன. டென்மார்க்குக்கு எதிராகக் கோல் காவலர் சுபாசிச் மூன்று உதைகளைத் தடுத்தார். அவர் கை ஒரு சாண் விலகியிருப்பின், முன்னணி வீரரை விரட்டிய பிடிவாதக்காரர் என்று டாலிச்சை ஊர் தூற்றியிருக்கும். மாறாக, குழு இறுதியாட்டம் வரை சென்று பிரான்ஸிடம் 4–2 எனத் தோற்றது. ஜாக்ரெப் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டு வரவேற்றனர். பிடிவாதம் எனப்பட்டிருக்கக்கூடிய அச்செயலே கட்டொழுங்கு எனப் போற்றப்பட்டது. செயல் ஒன்றே, பெயர்தான் வேறு. பெயரைத் தந்தது பந்தின் போக்கு.

வெல்வதன்றோ பயிற்றுநரின் தொழில் எனச் சிலர் வினவலாம். அவர்தம் திறமையை வெற்றி தோல்விகளைக் கொண்டு அளப்பதில் பிழையில்லை. ஆனால், ஒரு முடிவு நேர்மையானதா என்பதை, அதனை எடுத்த பொழுதில் அவர் அறிந்திருந்தவற்றையும் கருதியவற்றையும் கொண்டே அளத்தல் வேண்டும். வள்ளுவர் வினைத்தூய்மைக்கும் வினைத்திட்பத்துக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 2022இல் டாலிச்சின் குழு உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம் பெற்றது. 2024 ஐரோப்பியப் போட்டியில் இத்தாலி 98ஆம் நிமிடத்தில் போட்ட கோலால் முதற்சுற்றிலேயே வெளியேற நேர்ந்தது. புகழ் ஏறியிறங்கியது, மனிதர் அவரே.

காலினிச்சும், தாம் ரஷ்யாவில் ஆடவில்லை என்று கூறி, தமக்குரிய வெள்ளிப் பதக்கத்தை ஏற்க மறுத்தார் என்பர். ஊரார் தரும் பரிசினும் தம் உள்ளத்தின் கணக்கை அவர் பெரிதென மதித்தார் போலும்.

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நாமும் நடுவர்களாகிறோம். மதிப்பெண்ணை மட்டும் படித்துவிட்டு மாணவனைப் படித்துவிட்டதாக எண்ணுதல் நமக்கு அழகன்று.