கிருமியின் வழியும் மனிதரின் பழியும்

நோய் எங்கிருந்து வந்தது என்று மனிதகுலம் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறது. அக்கேள்வி தனியே வருவதில்லை. "யார் கொண்டுவந்தது?" என்ற வேறொரு கேள்வியும் அதனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. முதலாவது விஞ்ஞானத்தின் கேள்வி. இரண்டாவது, பெரும்பாலும், குற்றவாளியைத் தேடுகின்றவனின் கேள்வி. கிருமிகளின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து, எது எதிலிருந்து பிறந்தது, எந்தத் துறைமுகத்தால் எந்த ஊருக்குச் சென்றது என்று வமிசாவளி வரையும் ஆற்றல் இன்று நமக்குக் கிட்டியிருக்கிறது. ஆகவே இவ்விரு கேள்விகளையும் வேறுபடுத்திப் பார்க்கவேண்டிய கடமையும் முன்னெப்போதையும்விடக் கூடியிருக்கிறது. இதனைச் சிந்திப்பதற்குக் கொழும்புக்கு வடக்கே, களனி கங்கை கடலோடு சேரும் இடத்தை அடுத்துள்ள ஹெந்தளையைவிடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் இல்லை என்றே எண்ணுகிறேன்.

ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலை 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தரால் நிறுவப்பட்டது. கறுவாவைக் கட்டியேற்றிக்கொண்டு போவதற்காக இங்கு வந்திருந்த ஒரு வியாபாரக் கம்பனி, நோயாளரின் துயர் கண்டு உருகி இதனைக் கட்டியது என்று நம்புவதற்குச் சான்று வேண்டும். நகரத்திலிருந்து நோயை அப்புறப்படுத்துவதே அதன் நோக்கம் என்று கொள்வதுதான் இயல்பு. நகருக்கு அப்பால், ஆற்றுக்கு மறுகரையில், மதிலுக்குள் வைத்துவிட்டால் கண்ணிற் படாது. கம்பனி போய்ப் பிரித்தானியர் வந்தபின்னரும் அந்த ஏற்பாடு அப்படியே நின்றது. தொழுநோயை மேலைநாட்டார் பாவத்தின் முத்திரை என்றனர். நம்மவர் முற்பிறவியின் வினை என்றனர். சொற்கள் வேறாயினும் நோயாளிக்கு நேர்ந்தது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நம்பிக்கைகளுக்கு ஓர் அடி விழுந்தது. நோர்வே நாட்டில் தொழுநோயை ஆராய்ந்த டானியல்சென் அது பரம்பரையாய் வருவது என்று கருதினார். அவருடைய கருத்துக்கு மாறாக, 1873இல் பேர்கன் நகரத்து வைத்தியர் ஹன்சன், நோயாளரின் திசுக்களில் ஒரு கிருமியைக் கண்டார். பாவமுமன்று, வினையுமன்று, குடும்பத்து இரத்தமுமன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரியே காரணம் என்பது தெளிவாயிற்று. நோயாளியின் மீதிருந்த பழி இத்தோடு நீங்கியிருக்கவேண்டும் அல்லவா? நடந்ததோ வேறு. கிருமி என்றால் தொற்றும். தொற்றுமென்றால் அடைத்து வைக்கவேண்டும் என்று அதிகாரம் கணக்குப் போட்டது. 1897இல் பேர்லினில் கூடிய சர்வதேசத் தொழுநோய் மகாநாடு, நோயாளரைத் தனிமைப்படுத்துவதே வழி எனப் பரிந்துரைத்தது. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச்சட்டம் வந்தது. அதுவரை மரபாக இருந்த மதில் சட்டமாயிற்று. பின்னர் மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவும் இதே காரியத்துக்குப் பயன்பட்டது.

ஹன்சனைப்பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தம் கண்டுபிடிப்பை நிரூபிக்கும் ஆவலில் அவர் 1879இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவளது சம்மதமின்றி, மற்றொரு நோயாளியிடமிருந்து எடுத்த பொருளைப் புகுத்தினார். 1880இல் நீதிமன்றம் அவரைத் தமது வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளியின் பக்கம் நின்று ஒரு நீதிமன்றம் பேசியது என்பதற்காக அத்தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் நாட்டின் தொழுநோய்த்துறைத் தலைமை வைத்தியர் என்ற பதவி அவருக்கு இருந்துகொண்டுதான் இருந்தது!

உண்மையில் தொழுநோய் எளிதில் தொற்றுவதன்று. மிகப் பெரும்பாலானோரின் உடல் அதனை இயல்பாகவே எதிர்த்துவிடும். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை 1983இல் இலங்கைக்கு வந்தது. அம்மருந்தை உட்கொள்ளத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளியிடமிருந்து தொற்று அற்றுப்போகும். அதன் பின்னரும் ஹெந்தளையில் முதியோர் பலர் தங்கியிருந்தனர். அவர்கள் குணமடைந்தவர்கள், போவதற்கு வீடில்லாதவர்கள். கிருமி அவர்களை விட்டுப் போய்விட்டது. ஊர் மட்டும் அவர்களைத் திரும்ப ஏற்கவில்லை.

இனி, அக்கிருமியின் வமிசாவளியைப் பார்ப்போம். தொழுநோய்க் கிருமியை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. ஆகவே தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற கிருமியை ஆர்மடில்லோ என்னும் ஓட்டு விலங்கின் உடலில் வளர்த்து, ஸ்டூவர்ட் கோல் என்பவரும் சகாக்களும் 2001இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வெளியிட்டனர். ஏறத்தாழ 32 இலட்சத்து 68 ஆயிரம் எழுத்துக்கள். அவற்றில் செயலற்றுப்போன மரபணுக்களே 1,100க்கு மேல். இக்கிருமி வகைக்கு 'டி.என்.' என்று பெயர். தமிழ்நாடு என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களே அவை. உலகத்து ஆய்வுகூடங்களெல்லாம் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லியே மற்றக் கிருமிகளை ஒப்பிடுகின்றன. தம் உடலிலிருந்து அதனைத் தந்த மனிதர் யார் என்பதை எவரும் சொல்வதில்லை. சொல்லாதிருப்பது ஒருவகையில் நல்லதே. ஆனால் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை எவராவது நினைப்பதுண்டா?

2005இல் உலகின் பல பாகங்களிலிருந்து பெற்ற கிருமிகளை ஒப்பிட்டபோது ஒரு நீண்ட பயணம் புலப்பட்டது. நோய் பெரும்பாலும் கிழக்காபிரிக்காவிலோ அண்மைக் கிழக்கிலோ தோன்றியிருக்கலாம். மனிதரின் குடிபெயர்வுகளோடு சேர்ந்து ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. ஐரோப்பியராலோ வட ஆபிரிக்கராலோ மேற்காபிரிக்காவை அடைந்தது. அங்கிருந்து, கடந்த ஐந்நூறு ஆண்டுகளுக்குள், அடிமை வியாபாரத்தோடு அமெரிக்கக் கண்டத்துக்குக் கடல் கடந்தது. ஆபிரிக்கா நோயின் ஊற்று, ஆபிரிக்கன் நோயின் சுமைகாரன் என்று மார்தட்டிப் பேசிய வெள்ளை ஏகாதிபத்தியத்தின் வாயை அடைக்க இந்த ஒரு முடிவே போதும். எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கிருமியின் எழுத்துக்கள் கப்பலின் பாதையைத்தான் காட்டுகின்றன. கப்பலின் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவன் யார், மேற்தளத்தில் நின்று கணக்கெழுதியவன் யார் என்பதை அவை காட்டமாட்டா. அவ்வெழுத்துக்களை மட்டும் வாசிப்பவன் "அடிமைகள் நோயைக் கொண்டுவந்தனர்" என்று எழுதிவிடலாம். எழுத்துப்பிழை ஒன்றுமில்லாத பொய் அது.

தொழுநோய்க் கிருமி மிக மெதுவாக மாறுவது. தமிழ்நாட்டுக் கிருமிக்கும் பிரேசில் நாட்டுக் கிருமிக்குமிடையே நூற்றுக்கு 99.995 பங்கு ஒற்றுமை காணப்பட்டது. ஆகவே அது பெரும்பாலும் நூற்றாண்டுகளின் கதையையே சொல்லும். வைரசுகள் அப்படியல்ல. கொரோனா வைரசின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துக்களே கொண்டது. அது பரவும்போது மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துக்கள் மாறுகின்றன. அம்மாற்றங்களைப் பிடித்துக்கொண்டு, இவ்வாரத்து நோய் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று கூறமுடிகிறது. ஆயின் இந்தக் கணக்கிலேயே ஓர் எல்லையும் அடங்கியிருக்கிறது. மாதத்துக்கு இரண்டே மாற்றமென்றால், சில நாட்களுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவிய வைரசுகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கக்கூடும். அப்போது யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதை அவ்வெழுத்துக்களால் மட்டும் தீர்மானிக்க இயலாது. இன்னாருக்கும் இன்னாருக்கும் தொடர்பில்லை என்று மறுப்பதில் இந்த விஞ்ஞானம் வலிமையுடையது. இன்னாரே கொடுத்தார் என்று விரல் நீட்டுவதில் மிகவும் பலவீனமானது.

2020 அக்டோபரில் நம் நாடு இந்த வேறுபாட்டைக் காற்றில் பறக்கவிட்டது. அம்மாதத் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் ஒரு பெண் தொழிலாளிக்கு நோய் கண்டது. விரைவில் அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சில வாரங்களில், ஹெந்தளையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள பேலியகொடை மத்திய மீன் சந்தை மூடப்பட்டது. மட்டக்குளி, முகத்துவாரம் முதலிய வடகொழும்புப் பகுதிகள் ஊரடங்கில் கிடந்தன. 'மினுவாங்கொடைக் கொத்தணி', 'பேலியகொடைக் கொத்தணி' என்ற சொற்கள் அன்றாடப் பேச்சாயின. ஊரின் பெயர் நோயின் பெயராயிற்று. தைப்பவளும் மீன் விற்பவனும் தொடர்மாடிக் குடியிருப்பாளனும் நோயைச் சுமந்து திரிபவர்களாக நோக்கப்பட்டனர்.

அம்மாத இறுதியில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீலிகா மலவிகே, சந்திம ஜீவந்தர ஆகியோர், வைரசின் மரபணுவை வாசித்து முடிவை வெளியிட்டனர். அது முன்னர் இந்நாட்டிற் கண்ட வகைகளிலிருந்து வேறானது என்று தெரிந்தது. பின்னர் பி.1.411 என்ற இலக்கத்தோடு, இலங்கையிற் பரவிய கிளையாக உலக அட்டவணையில் அது இடம்பெற்றது. எவ்வளவு பெருமைப்படத்தக்க பணி! வறிய நாடொன்றின் பல்கலைக்கழகம் தன் மக்களின் நோயைத் தானே வாசித்தது. ஆனால் அந்த வாசிப்பு எவரையும் குற்றவாளியாக்கவில்லை. தொழிற்சாலையில் முதலில் அகப்பட்ட பெண்ணே முதலில் நோயுற்றவள் என்று எந்த மரபணுவும் சொல்லவில்லை. முதலில் பரிசோதிக்கப்பட்டவள் அவள் என்பதே உண்மை. நெருக்கமான விடுதி அறையில் பலரோடு உறங்கி, நெருக்கமான வரிசையில் அமர்ந்து தைத்து, ஒரு நாள் வராவிட்டால் கூலியை இழக்கும் நிலையில் அவள் ஏன் இருந்தாள் என்பது முப்பதினாயிரம் எழுத்துக்களில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனை வாசிப்பதற்கு வைரசு விஞ்ஞானம் வேண்டியதில்லை.

லிபியாவில் நடந்ததை இங்கே நினைவுகூர்வது தகும். பென்காசி நகரின் சிறுவர் வைத்தியசாலையில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எய்ட்ஸ் நோயின் வைரசு தொற்றியது. பிள்ளைகளைக் கொல்லவேண்டுமென்றே அதனைப் புகுத்தியதாக ஐந்து பல்கேரியத் தாதியரும் ஒரு பலஸ்தீன வைத்தியரும் குற்றஞ்சாட்டப்பட்டு, 2004இல் மரண தண்டனை பெற்றனர். 2006 டிசம்பரில் வெளியான மரபணு ஆய்வு, அத்தாதியர் 1998 மார்ச்சில் அந்நாட்டுக்கு வருவதற்கு முன்னரே அந்த வைரசு அவ்வைத்தியசாலையிற் பரவிக்கொண்டிருந்தது என்று காட்டியது. அதன்பின் இரண்டு வாரத்துக்குள்ளாகவே நீதிமன்றம் மீண்டும் மரண தண்டனையை உறுதிசெய்தது! 2007 ஜூலையில் அவர்கள் விடுதலையானது இராஜதந்திரப் பேரத்தால்; விஞ்ஞானத்தால் அன்று. அந்தக் குழந்தைகளின் பெற்றோரை நான் குறைசொல்லமாட்டேன். அவர்களுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். சுகாதாரம் குன்றிய வைத்தியசாலைக்குப் பொறுப்பான அரசுக்கு அந்தக் குற்றவாளி அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டான்.

நம் அரசும் இதில் குறைந்ததன்று. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி அறிவித்தல், கொரோனாவால் இறந்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் வழியே வைரசு பரவும் என்றனர். அடக்கத்தை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தது. நம் நாட்டு வைத்தியர் அமைப்புகளும் அதற்கு ஆதாரமில்லை என்றன. ஆய்வுகூடங்கள் அதே வைரசின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான், பிறந்து இருபது நாட்களேயான ஒரு முஸ்லிம் சிசுவின் ஜனாஸா, பெற்றோரின் விருப்புக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் கட்டளை மாற்றப்பட்டு ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் தரப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அறிவு இல்லாமையால் இக்கொடுமை நேர்ந்தது என்று எவரும் சொல்லமுடியாது. அறிவு இருந்தது, ஒரு சமூகத்தை நோயோடு சேர்த்துக் கட்டிவிடுவது அதிகாரத்துக்கு வசதியாகவும் இருந்தது.

ஆகவே என் வாதம் இதுதான். தன் மூக்கிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ மாதிரியைத் தருபவன் சமுதாயத்துக்குச் சாட்சி சொல்பவன். சாட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது. அவன் பெயர் மறைக்கப்படவேண்டும். அவன் தனிமையில் இருக்கும் நாட்களுக்குக் கூலி கொடுக்கப்படவேண்டும். அவனிடமிருந்து கற்றது அவன் ஊருக்குத் திரும்பி வரவேண்டும். இது தனிமனிதருக்கு மாத்திரமன்றி நாடுகளுக்கும் பொருந்தும். 2021 மே மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம் வைரசு வகைகளுக்கு நாட்டுப் பெயர்களை விடுத்துக் கிரேக்க எழுத்துக்களைச் சூட்டியது. நல்ல காரியம். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் தென்னாபிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரோன் வகையை விரைவாக வாசித்து ஒளிக்காமல் உலகுக்கு அறிவித்தபோது, செல்வந்த நாடுகள் கொடுத்த பரிசு விமானப் போக்குவரத்துத் தடையே.

எவராவது இதனை மிகையான மனிதாபிமானம் என்று கருதினால், அவர் தொழுநோயை மறுபடி பார்க்கவேண்டும். இலங்கை 1995இல் அந்நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து நீக்கியதாகக் கணிக்கப்பட்டது. எனினும் அதன்பின்னும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர், குழந்தைகள் உட்பட, கண்டறியப்பட்டு வந்துள்ளனர். மருந்து இலவசம்; ஆறு மாதமோ ஒரு வருடமோ உட்கொண்டால் போதும். கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரி ஐந்து ஆண்டுகள் செல்லும். சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். உணர்ச்சியற்ற ஒரு மங்கிய தேமலே பெரும்பாலும் முதல் அடையாளம். அத்தேமலைக் கண்டவன் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஹெந்தளை மதிலைப்பற்றிக் கேள்விப்பட்ட குடும்பத்தில் பிறந்தவனோ முதலில் நீண்ட கைச் சட்டை ஒன்றைத் தேடுகிறான்.