குட்டையும் குடிமனையும்

எங்கள் சேரிக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லைப் படலிலிருந்து இருபது தப்படி. சேரியின் மண்சுவரெல்லாம் அங்கே வெட்டிய மண்தான் என்று ஆயா சொல்லும். வீட்டுக்கு மண்ணெடுத்த பள்ளத்தில் ஏரியின் கடைமடைக் கசிவு வந்து நின்றது, குட்டையாயிற்று. ஊர்க்குளத்துக்குப் பெயர் இருக்கிறது, படித்துறை இருக்கிறது, அரசமரத்தடியில் பிள்ளையார் இருக்கிறார். எங்கள் குட்டைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இயற்கை ரசனையால் நான் இதைப் பார்க்க ஆரம்பிக்கவில்லை. கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே கரையோரச் சீமைக்கருவேல மறைவுக்குப் போவோம். வரப்பில் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் மூச்சடக்கி அப்படியே உட்கார வேண்டும். பறவை பார்க்கிறவர்கள் அசையாமல் இருக்கப் பழக வேண்டுமாம். எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே பழகிவிட்டது. (2019இல் நாடு முழுக்கத் திறந்தவெளிக் கழிப்பு ஒழிந்ததாக அறிவித்தார்கள். எங்கள் தெருவில் கட்டித்தந்த கழிப்பறைகளுக்குத் தண்ணீர் வரவில்லை. பாதியில் விறகு அடுக்கி வைத்திருக்கிறோம்.)

அந்த மறைவில் எங்களுக்கு முதல் பகையாளி ஆள்காட்டிக் குருவி. ஆள் அசைந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். 'இன்னா ஜென்மமோ, நம்மளயே காட்டிக் குடுக்குது' என்று அம்மா திட்டும். சித்திரையில் குட்டை வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெட்டவெளியில், கூடு என்று சொல்லக்கூட ஒன்றுமில்லாமல், மண் நிறத்திலேயே நாலு முட்டை இட்டிருக்கும். மறைவில்லாத இடத்தில் பிள்ளை பெற்று வைத்திருப்பதால்தான் அது அப்படிக் கத்துகிறது என்று புரிந்தபோது நான் காலேஜ் சேர்ந்திருந்தேன். அதற்கப்புறம் அதைத் திட்டவில்லை.

முதல் பெருமழை இறங்கின மறுநாள் குட்டை தவளைகளுடையது. சாதாரண நாளில் சேற்றுப்பச்சையாய்க் கிடக்கும் பெருந்தவளைகளில் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப்பை உப்பும். 1980களில் பெரியப்பா பெட்ரோமாக்ஸ் விளக்கும் கோணிப்பையுமாக ராத்திரியில் தவளை பிடிக்கப் போனவர். கால் மட்டும் கப்பலேறும், உடம்பை இங்கே கொட்டுவார்கள். 1987இல் அரசாங்கம் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. பயிர்ப்பூச்சியைத் தின்கிற தவளை அழிந்தால் விவசாயம் கெடும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் தவளையைத் தின்றவனைப் பெரியப்பா கண்டதில்லை, ஏற்றுமதி செய்தவனையும் கண்டதில்லை. தவளையைக் கொன்ற கை என்று எங்கள் பக்கம் இன்றும் காட்டப்படுவது அவர் கைதான்.

கார்த்திகையில் தண்ணீருக்குள் செம்பட்டையாக ஒரு திட்டு நகரும். விரால் குஞ்சுகள். கீழே தாயும் தகப்பனும் காவல். 'பார்ப்பு வெச்சிக்கினு இருக்குது, தூண்டி போடாதடா' என்று ஆயா பையன்களை விரட்டும். எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பிய மரபியலில் ஒன்பது இளமைப் பெயர்களில் முதலாவதாகப் 'பார்ப்பு' வந்தபோது எனக்குச் சிலிர்த்தது. பள்ளிக்கூடமே பார்க்காத ஆயாவின் வாயில் இருந்த சொல். பக்கம் புரட்டினால் அதே மரபியலில் அந்தணர்க்கு இது, அரசர்க்கு இது, வைசிகனுக்கு இது, வேளாண் மாந்தர்க்கு இது என்று பிரிவினை நடக்கிறது. இடைச்செருகல் என்று பேராசிரியர்கள் சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும்.

என்னை அதிகம் குடைந்தது அகத்திணையியல். கருப்பொருள் என்று ஒரு நிலத்துக்குரியதையெல்லாம் அடுக்குகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பறவைக்குத் திணையில் இடமுண்டு. பறைக்கும் இடமுண்டு. ஆனால் அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்படுகிறார்கள். கைக்கிளையும் பெருந்திணையும்தான் அவர்களுக்கு என்று இளம்பூரணர் வழியாகப் படித்தோம். அதாவது குட்டையும், குட்டையில் நிற்கும் கொக்கும், கரையில் அதிரும் பறையும் கவிதைக்குள் வரும். அங்கே மண் வெட்டியவளின் காதல் வெளியே நிற்கும்.

1927 மார்ச் 20இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது நடந்ததும் இதன் தொடர்ச்சியே. ஆடு மாடு வாய் வைத்த குளம் அது. பறவை எச்சமிட்ட குளம் அது. அதனாலெல்லாம் தீட்டாகவில்லை. மனிதர்கள் குடித்த பிறகு சாணம், மூத்திரம், பால், தயிர் என்று 108 குடங்கள் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். இயற்கையை நேசிக்கும் பண்பாடு நம்முடையது என்று மேடையில் யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குடங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

இதுவரை எழுதியது எனக்கு எளிது. இனிமேல் சொல்லப்போவது எளிதல்ல.

போன வருஷம் தெருக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. குட்டையைத் தூர்த்து மனை பிரித்துப் பட்டா கேட்க வேண்டும். எங்கள் தெருவின் மனுவெல்லாம் நான்தான் எழுதுவேன். இந்த மனுவை மூன்று வாரம் எழுதவில்லை. காய்ச்சல் என்றேன், வெளியூர்க் கூட்டம் என்றேன். தம்பி பொண்டாட்டி கண்டுபிடித்துவிட்டாள். ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். 'கொக்குக்கு எடம் கீது. எம்புள்ளைக்கு எங்கண்ணி எடம்?'

என்னிடம் பதில்கள் இருந்தன. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. யாரும் அதை ஆக்கிரமிப்பு என்பதில்லை. 2007இல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் வந்தது. அதன் பிறகு பொக்லைன் முதலில் வந்து நிற்பது குடிசை வாசலில். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் அறிக்கை கொடுத்து 1892இல் அரசாணையான பஞ்சமி நிலம் எங்கே? அதைக் கேட்டுத்தானே 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்? நிலம் திரும்பி வந்தால் குட்டையா குழந்தையா என்ற கேள்வியே எழாது. நம்மையும் கொக்கையும் ஒரே பள்ளத்துக்குள் தள்ளி மோதவிட்டவன் மேலே வரப்பில் நிற்கிறான்.

இதெல்லாம் சரி. கூட்டத்தில் பேசினால் கைதட்டுவார்கள். ஆனால் அவள் கேட்டதற்கு இது பதிலில்லை. வரப்பில் நிற்பவன் இறங்கும்வரை அந்தப் பிள்ளை எங்கே படுக்கும்?

என்னையே நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பிரியம் எங்கிருந்து வந்தது? படிப்பும் சம்பளமும் கொடுத்த சொகுசா? எனக்கென்று தனி அறை இருப்பதால்தான் உட்கார்ந்தால் சேற்று நிறமாகவும் பறந்தால் வெள்ளையாகவும் இருக்கிற மடையானைப் பார்த்துப் பூரிக்க முடிகிறதா? கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையல்ல. விரால் குஞ்சுக்காகத் தூண்டிலைத் தடுத்த ஆயாவுக்கு எந்தச் சம்பளமும் இல்லை. சோற்றுக்கில்லாத நாளிலும் நத்தையும் நண்டும் கொடுத்த குட்டை அது. வயிற்றுக்காக நேசித்ததை அழகுக்காக நேசித்ததைவிடக் கீழாக வைக்கிற அழகியல் யாருடையது? இங்கே ஆயாவை நான் எனக்குச் சாதகமாகச் சாட்சிக்கு இழுக்கிறேனோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. ஆயா உயிரோடிருந்தால் கொள்ளுப்பேரனுக்கு மனையைத்தான் கேட்டிருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் கிராமத்தின் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், எந்தச் சர்வே எண்கள் என்று கேட்டுப் போட்டேன். ஆவணம் கிடைக்கப்பெறவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறேன்.

அதற்குள் தெருவில் எனக்காகக் காத்திருக்கவில்லை. பன்னிரண்டாவது படிக்கும் பையன் ஒருத்தன் மனு எழுதி, 'அக்கா, பிழை பாத்துக் குடு' என்று கொண்டுவந்தான். 'தூர்த்து' என்பதைத் 'துர்த்து' என்று எழுதியிருந்தான். கால் வாங்கிக் கொடுத்தேன். கீழே முப்பத்தொரு கையெழுத்தும் ஆறு கைநாட்டும் இருந்தன. தம்பி பெயருக்கு அடுத்து எனக்கு ஒரு வரி விட்டிருந்தார்கள். மனு தாலுகா ஆபீசுக்குப் போய் ஆறு மாதமாகிறது. அந்த வரி காலியாகவே போயிற்று.