தட்டில் இருக்கும் தோடி

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஒரே தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார். இசைத்தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அகஸ்தியர் காவேரியைக் கமண்டலத்தில் அடைத்த மாதிரி அவர் தோடியைத் தட்டில் அடைத்துக் கொடுத்தார். 1955-ல் சங்கீத நாடக அகாடமி அவருக்கு விருது அளித்தது. மறு வருஷமே அவர் காலமானார். தோடி மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இதில் தர்ம சங்கடம் எங்கே வந்தது? முகூர்த்த நாளில் திருவாரூர்க் கல்யாண மண்டபங்களை எட்டிப் பாருங்கள். சிலவற்றில் நாகஸ்வரமும் தவுலும் இருக்கும். சிலவற்றில் ஒலிபெருக்கி மட்டும் இருக்கும். "கைப்பேசியைத் தொட்டால் பிள்ளைவாளே வாசிக்கிறார். பக்கத்து ஊர்ப் பையனுக்கு எதற்கு ஐயா பணம்?" என்பார் பெண்ணைப் பெற்றவர். அந்தப் பையன் எங்கோ ஒரு போட்டியில் பரிசு வாங்கியவனாகவும் இருக்கலாம். பரிசு, அலமாரியில் இருக்கும். பையன், வேலை தேடித் திருப்பூருக்குப் போயிருப்பான்.

பெண்ணைப் பெற்றவரின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிறந்த சங்கீதம் இருக்கும்போது சுமாரானதை ஏன் கேட்க வேண்டும்? தவிர, இசைத்தட்டு ஒரு பெரிய நியாயத்தையும் செய்திருக்கிறது. கோயிலுக்குள் வரக் கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு; சென்னை ராஜதானியில் ஆலயப் பிரவேசத்துக்கு விரிவான சட்டம் வந்ததே 1947-ல்தான். தட்டு யாருடைய ஜாதியையும் கேட்கவில்லை. டீக்கடையில் நின்றவனுக்கும் தோடி கிடைத்தது.

ஆனாலும் கல்யாணத்தில் நாகஸ்வரத்தின் வேலை என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வாசிக்கிறவரின் ஒரு கண் மணவறையில் இருக்கும். சாஸ்திரிகள் விரலை அசைத்ததும், ராகம் எந்த உச்சியில் இருந்தாலும், அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவுவார். தன் கலையைவிட அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறும் தாலி பெரிது என்று அவர் ஒப்புக்கொள்ளும் கணம் அது. தட்டில் உள்ள மேதைக்கு நம் வீட்டில் கல்யாணம் நடப்பதே தெரியாது.

இன்னொன்று. குட்டையான திமிரி நாயனம் வழங்கிய இடத்தில் நீளமான பாரி நாயனத்தைப் பரப்பியவர் ராஜரத்தினம். அவருடைய இளமையில் ஊரார், "பழைய வித்துவான்களின் வாசிப்பே பெட்டியில் இருக்கிறது, நீ எதற்கு?" என்று கேட்டிருந்தால் அந்த நாயனம் எங்கே ஒலித்திருக்கும்? பெரிய வித்துவானுக்குப் பின்னால் பேர் தெரியாத நூறு வித்துவான்களும், அவர்களை வாசிக்க வைத்த ஆயிரம் கல்யாணங்களும் இருக்கின்றன. கனியை வைத்துக்கொண்டு தோப்பை வெட்டுகிறவனைக் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டோம்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் ஜான் பிலிப் சூசா, இயந்திர சங்கீதம் வந்தால் வீட்டில் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் அற்றுப்போவார்கள் என்று 1906-லேயே எழுதினார். அவருடைய குழுவின் தட்டுகள் அப்போதே விற்பனையாகிக்கொண்டிருந்தன என்பது வேடிக்கை. அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. தட்டையும் வைத்துக்கொண்டு மனிதனையும் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்றே நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் செலவாகும். பையனுக்குக் கொடுப்பது தர்மப் பணம் அல்ல. நாம் கேட்டு முடித்த தோடிக்குத் தர வேண்டிய பாக்கி. ராஜரத்தினம் பிள்ளையை ராத்திரி வீட்டில், விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்கலாம். கல்யாண வாசலில் அந்தப் பையன் வாசிக்கட்டும். சுருதி கொஞ்சம் விலகினால் முன்வரிசைக் கிழவர் முகத்தைச் சுளிக்கட்டும். அவனுக்கு நாம் தர வேண்டிய சன்மானத்தில் அந்தச் சுளிப்பும் சேர்ந்ததுதான்.