தகப்பன் 'வேண்டாம்' என்றால்...

எண்பது வயதைத் தாண்டிய தகப்பன். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளில் மூன்று அடைபட்டுள்ளன. பைபாஸ் சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனால் இந்த வயதில் ஆபத்தும் உண்டு என்கிறார் வைத்தியர். தகப்பனோ, "எனக்கு வேண்டாம், வீட்டை கொண்டுபோங்கோ" என்கிறார். பிள்ளைகள் வைத்தியசாலை விறாந்தையில் கூடிநின்று, வெளிநாட்டிலுள்ள சகோதரரோடும் தொலைபேசியில் பேசி, "அவருக்கென்ன தெரியும்" என்று தாமே முடிவு செய்கின்றனர். அவர்களின் அன்பை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அப்படி முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா?

காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைப்பைத் தாண்டி இரத்தத்துக்கு வழியமைக்கும் முறையை, 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஆர்ஜென்டீன வைத்தியர் ரெனே பவலோரோ நிலைநாட்டினார். அதனால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றவர். எனினும் வயது ஏற ஏற மரணம், பாரிசவாதம், சிறுநீரகப் பழுது, புத்தி மாறாட்டம் ஆகியவற்றின் அபாயமும் ஏறுகின்றது.

சுவிற்சர்லாந்தில் 75 வயதும் அதற்கு மேலுமான, மருந்துக்கும் நெஞ்சுநோ அடங்காத சுமார் 300 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு மருந்தைக் கூட்டினர். மற்றப் பிரிவினருக்குப் படம் பிடித்துப் பார்த்து, ஏற்றவர்களுக்குப் பைபாஸ் அல்லது பலூன் சிகிச்சை செய்தனர். ஆறு மாதத்தில் இரண்டாம் பிரிவினரே கூடிய சுகமாயிருந்தனர். 2003இல் வெளியான ஓராண்டு முடிவிலோ சுகத்திலும் உயிர் பிழைத்தோர் தொகையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆனால் மருந்தோடு நின்றோரில் பலர் இடையில் மீண்டும் வைத்தியசாலை போக நேர்ந்தது. இதைக் கொண்டு சத்திரசிகிச்சை வீண் என்று எவரும் வாதிட வேண்டாம். சிலவகை அடைப்புகளில் அதுவே ஆயுளை நீட்டும். முதியவர் எதைத் தெரிந்தாலும் அது அறிவீனமாகாது என்பதே நமக்கு இங்கு வேண்டியது.

1957 நவம்பரில் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகாத சாதாரண வழிகளையே ஒருவர் கைக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்றார். நோயாளியின் அனுமதிக்கு அப்பால் வைத்தியருக்குத் தனியுரிமை இல்லை என்றும், சுயநினைவற்ற நோயாளியின் குடும்பத்தாருடைய உரிமையும் பொதுவாக அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதையே சார்ந்தது என்றும் விளக்கினார்.

இதற்கு மாறாக ஒரு சம்பவத்தைச் சிலர் காட்டுவர். பெருநாடிச் சத்திரசிகிச்சையின் முன்னோடியான மைக்கல் டிபேக்கிக்கு 97ஆம் வயதில் அதே பெருநாடியே கிழிந்தது. அவர் சத்திரசிகிச்சையை மறுத்தார். பின்னர் நினைவிழந்தார். 2006 பெப்ரவரியில், ஹூஸ்டன் வைத்தியசாலையின் ஒழுக்கவியற் குழு கூடி விவாதிக்க, மனைவியார் வற்புறுத்த, அவரே உருவாக்கிய முறையில் சத்திரசிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து தேறினார். செய்தது நல்லதே என்று பின்னர் மகிழ்ந்தார். 2008இல் 99ஆம் வயதிலேயே இறந்தார்.

'பார்த்தீர்களா, குடும்பம் செய்ததே சரி' என்பர். நாம் அவ்வளவு அவசரப்படமாட்டோம். அவர் அந்த மாதங்கள் முழுவதும் சுவாச இயந்திரத்தில் கிடந்து இறந்திருந்தால் இவர்களே என்ன சொல்லியிருப்பர்? முடிவு எடுக்கும் நாளில் பலன் எவருக்கும் தெரியாது. அந்நாளில் கையிலிருப்பது நோயாளி சொன்ன சொல் மட்டுமே.

ஆயினும் அச்சொல்லின் பொருளை விசாரிக்கத்தான் வேண்டும். நம் முதியோர் பலர் 'வேண்டாம்' என்பது சாவுக்கு ஆயத்தமாகிவிட்டதால் அன்று. காணி ஈடுபோகும், மகள் வேலையை விட்டு வந்து நிற்கவேண்டும் என்ற பயத்தினால்தான். ஆகவே விறாந்தையில் நிற்கும் பிள்ளைகள் கட்டிலருகே வந்து உட்காரட்டும். "காசை நாங்கள் பார்ப்பம் அப்பா. உங்களுக்கு எது பயம், எது விருப்பம் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்கட்டும். அதன்பின்னும் அவர் வேண்டாமென்றால், வீட்டில் கட்டிலை எங்கே போடுவது என்று யோசிக்கலாம்.