வீரமும் வெட்கமும்

துணிவு என்று உலகம் பாராட்டும் செயல்களில் எத்தனை துணிவினால் செய்யப்பட்டவை, எத்தனை வெட்கத்தினால் செய்யப்பட்டவை? ஜவ்வாது மலையின் ஒற்றையடிப் பாதையொன்றில் முதன்முறையாகச் சைக்கிள் விட்ட நாள் முதல் இந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

நாம் சைக்கிள் பழகியது மாகறலில். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றையொட்டி அமைந்த ஊர். சுற்றிலும் நெல் வயல்கள். மேடு என்று சொல்ல ஏரிக்கரைதான் உண்டு. வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு அந்தக் கரையில் ஏறி இறங்கியதையே பெரிய சாதனையாக எண்ணியிருந்த காலம் அது. ஊரருகே ஓடும் செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். செங்கத்தையும் செய்யாறு நகரையும் கடந்து வந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றையே பார்த்து வளர்ந்த நமக்கு, அது பிறக்கும் மலையைக் காணும் ஆசை நெடுநாளாக உண்டு. மலைச் சைக்கிளில் தேர்ந்த நம் தமக்கை மகன் சென்ற ஆண்டு பங்குனியில், "மாமு, வாருங்கள், சைக்கிளிலேயே பார்த்துவிடலாம்" என்று அழைத்தபோது, ஐம்பத்து மூன்று வயதை மறந்து இசைந்தோம். பதினான்கு வயது மகனும் உடன் வந்தான்.

மலைச் சைக்கிள் என்பது பருத்த டயர் போட்ட சாதாரணச் சைக்கிள்தானே என்று எண்ணியிருந்தோம். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரருகே சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மைலில் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக்குகள் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். கீழே வந்ததும் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது. அங்கு விளையாட்டாகத் தொடங்கியது, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது.

நாம் சென்ற பாதை பந்தயத்துக்கானதன்று. ஜமுனாமரத்தூருக்கு அப்பால், காப்புக்காட்டில் நுழையாமல், மலைச் சிற்றூர்களுக்கிடையே மக்கள் நடந்து நடந்து தேய்ந்த வழி. அறுவடை முடிந்த சாமைக் கொல்லைகள், பலா மரங்கள், புளிய மரங்கள். இடையிடையே பாறை. புறப்படுமுன் தமக்கை மகன் பாடம் நடத்தினான். சீட்டைத் தாழ்த்துங்கள். இறக்கத்தில் உட்காராதீர்கள்; இரண்டு பெடலும் சமமாக இருக்க எழுந்து நின்று, உடலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லைப் பார்க்காதீர்கள். போகவேண்டிய இடத்தைப் பாருங்கள்.

கடைசிப் பாடம் வேடிக்கையாகத் தோன்றியது. ஆனால் கண் போன இடத்துக்கே சக்கரமும் போகிறது. மூன்று முறை கல்லைப் பார்த்து அஞ்சினோம். மூன்று முறையும் அந்தக் கல்லிலேயே மோதினோம்.

பாதி வழியில் ஓரிடம். பாறையொன்று படியைப் போல் முழங்கால் உயரத்துக்கு இறங்கி, இறங்கிய வேகத்தில் இடப்புறம் திரும்ப வேண்டும். தமக்கை மகன் முன்னால் சென்று நின்று, "மாமு, இங்கே இறங்கி உருட்டி வந்துவிடுங்கள். முதல் முறை எல்லாரும் அப்படித்தான்" என்றான். இறங்கியிருப்போம். ஆனால் புளி உலுக்கிக்கொண்டிருந்த நான்கைந்து பேர் வேலையை நிறுத்தி நம்மைப் பார்த்தார்கள். பின்னால் மகன் நின்றான். இறங்க வெட்கமாக இருந்தது. விட்டோம். எப்படிக் கீழே வந்தோம் என்று இன்றும் சொல்லத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டோம் என்றே நினைக்கிறோம்.

கைதட்டல் கேட்டது. திரும்புவதற்குள் மகனும் புறப்பட்டுவிட்டான். பாறை விளிம்பில் முன் பிரேக்கை இறுக்கியிருக்கிறான். தலைக்கவசம் தலையைக் காத்தது. தோளருகே காறை எலும்பு முறிந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "இந்த வயதில் உங்களுக்கு என்ன தைரியம்!" பையனிடம், "உனக்கென்ன அவ்வளவு அவசரம்?" ஒரே பாறை, ஒரே செயல், தந்தைக்குப் பாராட்டு, மகனுக்குக் கண்டனம். இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு, நம் வீடுகளில் நஸீபு என்று சொல்வோமே, அது ஒன்றுதான். ரீபேக் பந்தயம் தொடங்கிய அதே 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நாகல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார்கள். குடிபோதையில் வண்டியை நடைபாதையில் ஏற்றியவன், அங்கே ஆளில்லாவிட்டால் வீடு போய்ச் சேர்கிறான். ஆளிருந்தால் கொலைப்பழி சுமக்கிறான். அவனுடைய குற்றத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது எதிரே யாரோ வந்ததும் வராததுமா?

எண்ணத்தைக் கொண்டே செயல் எடைபோடப்படும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தராசில் வைத்தால் நம் தட்டு இன்னும் தாழ்ந்து போகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், முரட்டுத் துணிச்சலுக்கும் கோழைத்தனத்துக்கும் நடுவே வீரத்தை வைக்கிறார்கள். அறிவு சொல்லும்போது முன்னேறுவதும், அறிவு சொல்லும்போது நின்றுவிடுவதும் அதன் அடையாளம். நம்முடைய அறிவோ இறங்கச் சொல்லியது. அப்படியானால் நாம் செய்தது முரட்டுத் துணிச்சலா? அதுவுமன்று. பாறைக்கு அஞ்சினோம்; புளிய மரத்தடியில் நின்றவர்களின் கண்ணுக்கு அதைவிட அதிகமாக அஞ்சினோம். பார்ப்பதற்குத் துணிச்சலைப் போலிருந்த கோழைத்தனம் அது. மகனாவது, அத்தா செய்தார், அதனால் செய்யக்கூடியதுதான் என்று நம்பி வந்தான்.

கட்டு அவிழ்த்த நாளில் இதை அவனிடமே சொல்லிவிட்டோம். அன்று நாம் இறங்கி நடந்திருந்தால் உனக்கு இந்த வேதனை வந்திராது என்றோம். அவன் சிறிது நேரம் தோளை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்லை அத்தா, நீங்கள் நடந்திருந்தாலும் நான் ஓட்டித்தான் இருப்பேன்" என்றான். உண்மையைச் சொன்னானா, நம்மைத் தேற்றச் சொன்னானா என்று கண்டுகொள்ள முடியவில்லை. உண்மையே ஆனாலும் அதனால் நம் பங்கு எவ்வளவு குறையும் என்பதும் விளங்கவில்லை.