ஊன்றிய பாதம்

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு சனிக்கிழமை இரவு எப்படிப் போகும் என்பதை அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பண்டகசாலைகளுக்கும் வாகனம் திருத்தும் கடைகளுக்கும் நடுவே ஒரு விருந்து மண்டபம். பிறந்தநாளோ, சாமத்திய வீடோ, அறுபதாம் கலியாணமோ, ஏதோ ஒன்று. கேக் வெட்டி, படம் எடுத்து, சாப்பாடும் முடிந்து பத்து மணியாகும்போது டீஜே விளக்கைக் குறைப்பார். முதலில் இளையராஜா, பிறகு பைலா, அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே போனி எம். குளிர்ச்சட்டைகள் குவிந்து கிடக்கும் கதிரைகளிலிருந்து அறுபதைத் தாண்டிய பெண்கள் எழும்புவார்கள். ஒரு கையால் பட்டுச்சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பேத்தியை இழுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் வருவார்கள். சுவரோரம் ரோல்ஸ் தட்டோடு நிற்கும் பெரியவரின் பெருவிரல் தட்டின் விளிம்பில் தானாகவே தாளம் போடத் தொடங்கும். அப்போது ஒலிப்பது ‘ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்’.

அந்தப் பாட்டின் சொற்கள் விவிலியத்திலிருந்து வந்தவை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்து, அதன் மக்கள் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டதை நினைத்து அழும் 137ஆம் சங்கீதம் அது. அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டார்கள். சிறைபிடித்தவர்களோ உங்கள் ஊர்ப்பாட்டில் ஒன்று பாடுங்கள் என்கிறார்கள். பிறத்தியார் மண்ணில் ஆண்டவனின் பாட்டை எப்படிப் பாடுவது என்று அவர்கள் திகைக்கிறார்கள். 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு இதை ரஸ்தஃபாரி நம்பிக்கையின் பாட்டாக்கியது. அடிமைகளாகக் கடல்கடத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்குப் பாபிலோன் எது என்று விளக்கம் தேவைப்படவில்லை. 1978இல் ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் அதையே போனி எம் குழுவுக்காக டிஸ்கோவாக்கினார். ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிச்செல் பாடினார். பிரித்தானியாவில் ஐந்து வாரம் அது முதலிடத்தில் இருந்தது. நாடிழந்தவர்களின் ஒப்பாரி ஒன்று இப்படித்தான் உலகத்தின் ஆட்டப்பாட்டு ஆயிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்குக் கால்கள் எழும்புகின்றன என்றால், எழுபதுகளின் டிஸ்கோ ஏன் இன்னும் சாகவில்லை என்ற கேள்விக்குள் அதைவிடப் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒப்பாரிக்கு ஆடலாமா?

ரெக்ஸ்டேலில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. 1950களில் ரெக்ஸ் ஹெஸ்லொப் என்பவர் வீடுகள் கட்டி விற்ற புறநகர் அது. அவருடைய பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னர் கரீபியர்கள் வந்தார்கள், பஞ்சாபியர் வந்தார்கள், சோமாலியர் வந்தார்கள், 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து நம்மவரும் வந்தார்கள். ஏதோ ஓர் ஆற்றங்கரையை விட்டு வந்தவர்களே அங்கே அதிகம். நம்மவருக்குள் ஒரு குரல் எப்போதும் உண்டு: ஊரிலே அவலம், இங்கே ஆட்டமா? இந்தக் குரலைப் பழைமைவாதம் என்று தள்ளிவிடுவது அநியாயம். ஊரிலே போர் அதன் கடைசி நாள்களில் இருந்த 2009 மே மாதத்தில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி நின்ற சமூகம் இது. செத்தவர்களின் கணக்கு இன்னும் முடியாதபோது கொண்டாட்டம் துரோகமாகத் தெரிவது மனச்சாட்சி உள்ளவர்களுக்குத்தான். யாழை மரத்தில் மாட்டிய அந்த யூதர்களின் மறுப்பும் இதே மனச்சாட்சிதான்.

ஆனால் இந்தக் குரல் ஒன்றைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறது: ஆட்டம் மகிழ்ச்சிக்கு மட்டும் உரியது என்பதை. நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. செத்த வீட்டில் பறை முழங்கியது. பாடைக்கு முன்னால் ஆடினார்கள். (அந்தப் பறையைச் சாதியின் பெயரால் ஒரு சாரார் தலையில் கட்டி அடிக்கவைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. துயரத்துக்குத் தாளம் வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதைத் தன் கையால் தொடத்தான் கூச்சம்.) சிவன் ஆடுகிற இடத்தையும் பாருங்கள். காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகத்தில் பாடுவது திருவாலங்காட்டுச் சுடுகாட்டை. கணவன் கைவிட்டுப் போன பின் அழகையும் உடம்பையும் உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் எலும்பு தெரியும் மார்போடு உட்கார்ந்திருப்பார், கையில் தாளம். பிரபஞ்சத்தின் ஆட்டத்துக்குத் தாளம் பிடிக்க நம் கலைஞன் தேர்ந்தெடுத்தது எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண்ணை. லயம் என்ற சொல்லும் இதையே சொல்கிறது. தாள ஒழுங்குக்கும் அதுதான் பெயர், கரைந்துபோவதற்கும் அதுதான் பெயர்.

டிஸ்கோவின் உயிர் அதன் அடித்தாளம். பெரிய முரசு ஒவ்வோர் அடியிலும், நாலுக்கு நாலும் விழும். 1973இல் ஹரோல்ட் மெல்வின் குழுவின் ‘த லவ் ஐ லொஸ்ட்’ பாட்டுக்குப் பிலடெல்பியாவின் ஏர்ல் யங் வாசித்த முறை இதற்கு அச்சாக அமைந்தது என்பார்கள். அந்தப் பாட்டும் இழந்த காதலைப் பற்றியதுதான். சங்கீதம் கற்றவர்களுக்கு இது வறுமையாகத் தோன்றும். எடுப்பு இல்லை, கோர்வை இல்லை, தீர்மானம் இல்லை. ஆனால் கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் ஒரே இடத்தில் கால்வைக்க நிலம் கிடைக்கிறது. எந்த அடியில் நுழைந்தாலும் பிழையில்லை. அந்த நிலம் எனக்கு நடராசரின் ஊன்றிய பாதத்தை நினைவூட்டுகிறது. ‘உண்மை விளக்கம்’ என்ற சித்தாந்த நூலை எழுதிய மனவாசகங்கடந்தார் நடராசரின் ஐந்தொழிலை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, தூக்கிய பாதத்தில் அருள். ஊன்றிய பாதத்தில்தான் மறைத்தல். சைவ சித்தாந்தம் இந்த மறைத்தலையும் கருணை என்றே எண்ணி, மறக்கருணை என்று பெயர் வைத்தது. எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்துவிட்டால் உயிர் தாங்காது. ஆகவே சிலதை மூடி, பக்குவம் வரும்வரை உலகத்தில் நடக்கவிடுகிறது அந்தச் சக்தி. மறைத்தலில் அழித்தல் இல்லை. ஆசிரியர் அதற்குத் தீயைத் தனியாக வைத்திருக்கிறார். டிஸ்கோ துயரத்துக்குச் செய்வதும் இந்த மறைத்தல் என்றே நான் நினைக்கிறேன். சொல்லில் துயரம் அப்படியே இருக்கிறது. முரசு அதை நாலைந்து நிமிடம் மூடிப் பிடித்து, காலை நிலத்தில் ஊன்றவைக்கிறது.

டீஜேயின் அறையை ஞானசபை ஆக்குகிறாயா என்று சித்தாந்தம் படித்தவர் கேட்கலாம். கேட்க வேண்டும். மறைத்தலின் குறி மலபரிபாகம், உயிரைப் பற்றிய மலம் பக்குவமாவது. மண்டபத்து ஆட்டத்துக்கு அப்படியொரு குறி கிடையாது. டிஸ்கோ முத்தி தரும் என்று நானும் சொல்ல வரவில்லை. என் வாதம் சின்னது. துயரத்தை மறைத்தலை எல்லாம் ஓடி ஒளிதல் என்று வைகிறோமே, அந்த வசவு தவறு. குளோரியா கெய்னர் 1978இல் ‘ஐ வில் சர்வைவ்’ பாட்டைப் பதிவுசெய்தபோது, மேடையில் விழுந்து முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்து, முதுகுப்பட்டையோடு நின்றுதான் பாடினார். அது முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒதுக்கப்பட்ட பாட்டு. ‘மைட்டி ரியல்’ பாடிய சில்வெஸ்டர் லொஸ் ஏஞ்சலஸின் பெந்தெகொஸ்தே சபையில் பாடி வளர்ந்தவர். இந்த இசையை நியூயோர்க்கில் வளர்த்தெடுத்தவர்கள் கறுப்பர்கள், லத்தீனோக்கள், ஒருபால் விருப்பினர். வெளியே நிம்மதியாக ஆட இடமில்லாதவர்கள். 1979 ஜூலை 12ஆம் தேதி சிக்காகோவின் பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெறும் கேளிக்கையை யாரும் இவ்வளவு வெறுப்பதில்லை. அதே சிக்காகோவின் கூடங்களிலிருந்து சில ஆண்டுகளில் ஹவுஸ் இசை வந்தது. அதன் அடியிலும் அதே முரசுதான்.

இன்னொரு மறுப்பு: போனி எம் ஒரு வியாபாரச் சரக்கு. மேடையில் துள்ளிய பொபி ஃபாரல் இசைத்தட்டில் பாடவே இல்லை, ஆண்குரல் ஃபாரியனுடையது. இது உண்மை, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் செய்தவனின் நோக்கத்தால் மட்டும் ஒரு பாட்டின் பொருள் தீர்ந்துவிடுவதில்லை. சிலையை வடித்தவன் கூலிக்கு வடித்திருக்கலாம். கும்பிடுகிறவளின் கண்ணீர் கூலிக்கு வந்ததல்ல. பழைய ஞாபகம்தான் ஆட்டுவிக்கிறது, வேறொன்றுமில்லை என்பதும் பாதிதான் சரி. எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இளைஞர்களாக இருந்தவர்களுக்கு நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று சொந்தப் பொப்பிசையே இருந்தது. அதன் வாசனை போனி எம்மிலும் ஒட்டியிருக்கும். ஆனால் கையைப் பிடித்து இழுத்துவரப்பட்ட பேத்திக்கு எழுபதுகளின் ஞாபகம் ஏது? அவள் இரண்டாவது அடியிலேயே பிடித்துக்கொள்கிறாள்.

எனக்கு உண்மையாகவே கனமாகப் படும் மறுப்பு கோபத்தைப் பற்றியது: ஆட்டம் கோபத்தையும் சேர்த்து மூடிவிடுகிறதே என்பது. 137ஆம் சங்கீதம் அழுகையோடு முடியவில்லை. பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவன் பாக்கியவான் என்று, வாசிக்க நாக் கூசும் வரிகளில் முடிகிறது. பாட்டில் அவை இல்லை. மெலோடியன்ஸ் அந்த இடத்தில் 19ஆம் சங்கீதத்திலிருந்து, எங்கள் வாய்ச்சொல்லும் நெஞ்சின் நினைவும் ஏற்கப்படட்டும் என்ற வேண்டுதலைச் சேர்த்தார்கள். மெலோடியன்ஸ் வைத்த ரஸ்தஃபாரிப் பெயர்களையும் ஃபாரியன் எடுத்துவிட்டுப் பொதுவான ஆண்டவனை வைத்தார். பின்னது இழப்புத்தான், யாருடைய பாபிலோன் என்பது மங்கிப்போயிற்று. முன்னதை அப்படிச் சொல்ல முடியவில்லை. பழிவாங்கும் வரிக்கு ஒரு மண்டபம் நிறைய மனிதர்கள் கைகோத்து ஆடுவதைக் கற்பனை செய்துபார்த்தால், அதை விட்டவர்கள் எதைக் காத்தார்கள் என்று தெரியும். கோபத்துக்கு நினைவுத்திடலும் நீதிமன்றமும் தெருவும் இருக்கின்றன. அங்கே அது உரக்கவே பேசட்டும்.

இரவு ஒரு மணிக்கு மண்டபத்தின் விளக்குகள் எல்லாம் போடப்படும். அந்தப் பெண்கள் கதிரைக்குக் கீழே குனிந்து பனிச்சப்பாத்தைத் தேடுவார்கள். மிஞ்சிய சோறு அலுமினியத் தட்டுகளில் வீட்டுக்குப் போகும். வெளியே கார்கள் சூடேறும். போரில் செத்தவர்களை நினைக்கும் மே 18 வரும்போது மெழுகுதிரியோடு நிற்பவர்களும் இவர்கள்தான். அன்றைக்கு யாரும் ஆடுவதில்லை.