வெறுங்கோப்பையில் தேநீர்

உள்ளதை உள்ளபடி அறிவதுதான் அறிவு என்பது பல தத்துவ மரபுகளின் தொடக்கப் பாடம். அப்படியானால் மழலையர் வகுப்பின் மூலையில், இல்லாத அடுப்பில் இல்லாத சோற்றைக் கிளறி, வராத விருந்தாளிக்குப் பரிமாறும் நான்கு வயதுக் குழந்தை எதைக் கற்கிறது? பொய்யைத்தானே என்று கேட்பவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மரியா மாண்டிசோரியே ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் நின்றார். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பொம்மைகளும் இருந்தன. குழந்தைகள் அவற்றை அதிகம் சீண்டாமல் நிஜமான வேலைகளையே நாடினர் என்று அவர் கண்டார். 1939இல் அடையாற்றுக்கு வந்து அவர் பயிற்றுவித்த ஆசிரியர்கள் வழியாக அந்தப் பார்வை நம் பள்ளிகளையும் எட்டியது.

பாவனையைப் பிழையோடு சேர்த்து எண்ணுவதில்தான் சிக்கல். அத்வைதிகள் ஓயாமல் சொல்லும் கயிற்றரவை எடுத்துக்கொள்வோம். கயிற்றைப் பாம்பென்று கண்டு பதறுபவனுக்குக் கயிறு தெரியாது. தெரிந்த கணமே பாம்பு போய்விடும். குழந்தைக்கோ முதலிலிருந்தே இரண்டும் தெரியும். மணல்சோற்றை நாம் நிஜமாகவே வாயில் போட்டால் முதலில் கத்துவது அதுதான். உளவியலாளர் ஆலன் லெஸ்லி இரண்டு வெறுங்கோப்பைகளில் தேநீர் ஊற்றுவதுபோல் நடித்து, ஒன்றைக் கவிழ்த்துக் குலுக்கி வைத்துவிட்டு, எது காலி என்று கேட்டார். இரண்டுமே காலிதான். இரண்டு வயதுக் குழந்தைகள் கவிழ்த்ததைக் காட்டினர். இல்லாத தேநீர் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கணக்கு வைக்கும் மனம் மயங்கிய மனமல்ல. மாறானது தெரிந்திருந்தும் விருப்பத்தால் வருவித்துக்கொள்ளும் இத்தகைய அறிவுக்கு நியாய நூலார் தனியிடமே வைத்திருக்கிறார்கள். ஆகாரிய ஞானம் என்பார்கள். சங்கரரும் சாளக்கிராமத்தில் திருமாலைத் தியானிப்பதை எடுத்துக்காட்டுகிறார். தியானிப்பவருக்கு அது கல் என்று தெரியாதா என்ன? பூசையும் விளையாட்டும் ஒன்றென்று சொல்லவில்லை, பக்தர்கள் கோபிக்க வேண்டாம். ஒன்றை அறிந்தே இன்னொன்றாகக் கொள்ளும் திறன் இரண்டிலும் இருக்கிறது, அவ்வளவே.

இந்தத் திறன் உண்மையிலிருந்து விலக்குகிறதா? 1933இல் ஆற்றிய உரையில் உளவியலாளர் வைகாட்ஸ்கி ஓர் உதாரணம் சொன்னார்: அக்காளும் தங்கையும் ‘அக்கா தங்கை’ விளையாட்டு விளையாடுகிறார்கள். வீட்டில் அவர்கள் அதை யோசிப்பதில்லை. விளையாட்டிலோ அக்கா என்றால் என்ன செய்வாள், எப்படிப் பேசுவாள் என்று யோசித்தாக வேண்டும். வாழ்வில் கவனிக்கப்படாமல் கிடந்த விதி பாவனையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பொய் சொல்பவனுக்கு எதிராளி அறியாமல் இருக்க வேண்டும். இங்கே இருவரும் அறிந்திருந்தால்தான் ஆட்டமே நடக்கும்.

கடுமையான மறுப்பு பிளேட்டோவுடையது. இளமையில் தொடரும் போலச்செய்தல் இயல்பாகவே படிந்துவிடும் என்று ‘குடியரசு’ எச்சரிக்கிறது. பிரம்பேந்தி ‘டீச்சர்’ ஆகும் பிள்ளையைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தப் பிரம்பை விளையாட்டு உண்டாக்கவில்லை. அது வேறெங்கோ கண்டது. அடுத்த சுற்றில் அதே பிள்ளை அடிவாங்கும் மாணவனாகவும் அமர வேண்டியிருக்கும். பிளேட்டோவும் பிற்கால ‘சட்டங்கள்’ நூலில், கட்டடம் கட்டப்போகிறவன் சிறுவயதில் சிறுவீடு கட்டி விளையாட வேண்டும் என்கிறார்.

இன்னொரு மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. ஏஞ்சலின் லில்லார்டும் சகாக்களும் 2013இல் அதுவரையிலான ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, பாவனை விளையாட்டுதான் மொழியையும் படைப்பாற்றலையும் வளர்க்கிறது என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது என்றனர். இதை ஒப்புக்கொள்வதே நேர்மை. மதிப்பெண் கூடும் என்று சொல்லி இந்த விளையாட்டை விற்பவர்களுக்குத்தான் அது அடி. என் வாதம் மதிப்பெண்ணை நம்பியதல்ல: மெய்யும் பாவனையும் வேறென்று அறிந்தே இரண்டையும் கையாளுவது தன்னளவிலேயே அறிவு. ஆகவே ஆசிரியர்களே, கடை விளையாட்டின் நடுவில் புகுந்து, “எத்தனை தக்காளி, எண்ணிச் சொல்லு” என்று கேட்காதீர்கள். வாடிக்கையாளராக வந்தால் பேரம் பேசுங்கள்.